இரண்டாம் இரவே ஃபார்முலா கொடுத்தாகிவிட்டது, இனி முழுத் தாய்ப்பாலுக்குத் திரும்ப முடியுமா?

கேள்வி: பத்துநாள்அம்மா

எல்லோருக்கும் வணக்கம். குழந்தை பிறந்து இன்றோடு பத்து நாள். தலைச்சன், பெண் குழந்தை. சிசேரியன். 38 வாரம் முடிந்து பிறந்தாள், பிறந்தபோது 3.1 கிலோ. ஒரு கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன், மறு கையில் அவள் தூங்குகிறாள், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. சீம்பால் சொட்டுச் சொட்டாக வந்தது, அவளும் சப்பினாள். இரண்டாம் இரவு பத்து மணிக்கு ஆரம்பித்த அழுகை நிற்கவே இல்லை. மார்பில் வைத்தால் இரண்டு நிமிடம் குடிப்பாள், தூங்குவாள், கீழே விட்டதும் மறுபடியும் அலறல். இரவுப் பணியில் இருந்த செவிலியர், "உங்களுக்கு இன்னும் பால் ஊறவில்லை, பிள்ளை பசியில் கிடக்கிறது" என்று சொல்லி பாட்டிலில் 30 மில்லி ஃபார்முலா (பவுடரில் கலக்கிய பால்) கொண்டுவந்து புகட்டினார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு நான்கு மணி நேரம் தூங்கினாள். நானும் தூங்கினேன். தையல் வலியோடு அந்தத் தூக்கம் எனக்கு அவ்வளவு தேவையாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் எடை 2.82. ஒன்பது சதவீதம் குறைந்துவிட்டது, ஒவ்வொரு முறையும் மார்பில் கொடுத்த பிறகு ஃபார்முலா சேர்த்துக் கொடுங்கள் என்றார்கள். எவ்வளவு நாளைக்கு, எப்படி நிறுத்துவது என்று யாரும் சொல்லவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் மார்பு கல் மாதிரி கட்டிக்கொண்டது, ஆனால் அதற்குள் பாட்டில் பழகிவிட்டது. இப்போது ஒரு நாளைக்கு ஆறு தடவை, தடவைக்கு 45 மில்லி ஃபார்முலா. நேற்று எடை 3.08. அது வரைக்கும் நிம்மதி.

ஆனால் மார்பில் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதுகை வளைத்து அழுகிறாள். பம்ப் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 20 மில்லிதான் வருகிறது. மாமியார் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் ஒவ்வொரு தடவையும் "பால் பத்தலை போலிருக்கே" என்று கேட்கும்போது நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. ஃபார்முலாவால்தான் என் பால் குறைந்ததா, இல்லை பால் குறைவாக இருந்ததால்தான் ஃபார்முலா தேவைப்பட்டதா? இனி திரும்ப வழி இருக்கிறதா? கொடுத்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ரெண்டுபிள்ளைக்காரி

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் மா, பத்து நாள் என்பது ஒன்றுமே இல்லை. எதுவும் கைவிட்டுப் போய்விடவில்லை.

எனக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் முதல் வாரத்திலேயே ஃபார்முலா கொடுக்க வேண்டி வந்தது, இரண்டும் இரண்டு விதமாக முடிந்தது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பெரியவனுக்கு உங்கள் கதையேதான், இரண்டாம் இரவு, அழுகை, பாட்டில். அதற்கப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா, அவன் பாட்டிலில் குடித்துவிட்டு நான்கு மணி நேரம் தூங்கும்போது நானும் தூங்கினேன், மார்பைத் தொடவே இல்லை. பகலிலும் அழுதால் உடனே பாட்டில், ஏனென்றால் அதில் குடித்தால் அடங்கினான். மார்பில் கொடுப்பது எட்டு தடவையிலிருந்து ஐந்தாகி, மூன்றாகி, ஆறாவது வாரத்தில் காலையில் ஒரு தடவை மட்டும் என்று நின்றது. அப்போது என் உடம்பில்தான் குறை என்று நினைத்து அழுதிருக்கிறேன்.

சின்னவள் பிறந்தபோது எனக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. பிறந்த சில மணி நேரத்தில் அவளுக்கு ரத்தச் சர்க்கரை இறங்கிவிட்டது, நான் பிழிந்து எடுத்த சீம்பால் போதவில்லை, ஃபார்முலா கொடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். சரி என்றேன். ஆனால் இந்தத் தடவை ஒரு செவிலியர் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயம் சொன்னார்: "குழந்தை வேறு பால் குடிக்கிற ஒவ்வொரு நேரமும் உங்கள் மார்புக்கும் வேலை கொடுத்துவிடுங்கள்." அவ்வளவுதான். அவளுக்கு ஸ்பூனில் 10, 15 மில்லி கொடுப்பார்கள், அதே நேரம் நான் கையால் பிழிவேன். விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு எவர்சில்வர் ஸ்பூனை மார்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு, கருவளையத்துக்குச் சற்றுப் பின்னால் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வைத்து, நெஞ்சுப் பக்கம் உள்ளே தள்ளி, அப்புறம் இரண்டு விரலையும் சேர்த்து அழுத்துவது. முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் வராது. அப்புறம் மஞ்சளாக, தேன் மாதிரி கெட்டியாக ஒரு சொட்டு நிற்கும், விழாது, அதை ஸ்பூனின் விளிம்பால் வழித்து எடுக்க வேண்டும். அரை ஸ்பூன் சேர இருபது நிமிடம். அதை அவள் நாக்கில் விட்டால் சப்புக்கொட்டுவாள்.

ஆறாம் நாளே ஃபார்முலா நின்றுவிட்டது. ஒன்றரை வயது வரை குடித்தாள். அதே ஃபார்முலா, அதே அம்மா. பாட்டில் குடித்த நேரத்தில் மார்பு சும்மா கிடந்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பதில் 2: பாலூட்டல்_ஆலோசகர்

பிரசவ வார்டில் பல வருடம் செவிலியாக இருந்து, இப்போது பாலூட்டல் ஆலோசகராக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், உங்கள் கேள்வி அவ்வளவு முக்கியமானது.

ஃபார்முலாவால் பால் குறைந்ததா, பால் குறைந்ததால் ஃபார்முலாவா என்று கேட்டீர்கள். உங்கள் விஷயத்தில் இரண்டாம் இரவில் பால் குறைவாக இருக்கவில்லை, அது அந்த நேரத்துக்கு உரிய அளவில் இருந்தது. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் உடம்பில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சட்டென்று இறங்கும், அதுதான் பால் பெருகுவதற்கான சமிக்ஞை. ஆனால் அது இரண்டு, மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். சிசேரியன், முதல் பிரசவம், சர்க்கரை நோய், அதிக உடல் எடை, பிரசவத்தில் நிறைய ரத்தப்போக்கு, இவற்றில் ஏதாவது இருந்தால் இன்னும் ஒரு நாள் இரண்டு நாள் தள்ளிப்போகலாம். உங்களுக்கு இரண்டு காரணம் இருந்தது, நான்காம் நாள் மார்பு கட்டியது, கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. அதுவரை சீம்பால்தான். முதல் 24 மணி நேரத்தில் ஒரு தடவைக்கு 2 முதல் 10 மில்லி, இரண்டாம் நாள் 5 முதல் 15 மில்லி, மூன்றாம் நாள் 15 முதல் 30 மில்லி, இதுதான் ஆரோக்கியமான குழந்தைகள் வழக்கமாகக் குடிக்கிற அளவு. இரண்டாம் இரவில் ஒரே மூச்சில் 30 மில்லி என்பது அந்த வயதுக்கு இரண்டு மூன்று வேளைச் சாப்பாடு. அதனால்தான் அப்படித் தூங்கினாள்.

அந்த அழுகைக்கும் ஒரு காரணம் உண்டு. இரண்டாம் இரவில் பெரும்பாலான குழந்தைகள் விடாமல் மார்பைக் கேட்கும். அந்த ஓயாத சப்பல்தான் பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை ஏற்றி மறுநாள் பாலுக்கு ஏற்பாடு செய்கிறது. இதைக் குழந்தை பிறப்பதற்கு முன்பே ஒவ்வொரு அம்மாவிடமும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டு, அந்த இரவில் "பால் இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் அது வாழ்நாள் முழுக்க மனதில் தங்கிவிடுகிறது. நானே ஆரம்ப வருடங்களில் அப்படிச் சொல்லியிருக்கிறேன், இன்றும் வருத்தப்படுகிறேன்.

அப்புறம் பாலைக் குறைப்பது ஃபார்முலாவுக்குள் இருக்கும் ஏதோ ஒரு பொருள் இல்லை. முதலாவது, ஃபார்முலா தாய்ப்பாலைவிட மெதுவாகச் செரிக்கும், குழந்தை அடுத்த தடவை தாமதமாகக் கேட்கும், எட்டு முதல் பன்னிரண்டு தடவை நடக்க வேண்டிய பாலூட்டல் ஆறாகக் குறையும். இரண்டாவது, மார்பு நிறைந்தே கிடந்தால் சுரப்பு மெதுவாகும், காலியானால் வேகமாகும், அது அந்தந்த மார்புக்குள்ளேயே நடக்கிற கணக்கு. நான்காம் நாள் உங்களுக்குக் கல் மாதிரி கட்டியதே, அப்போது பாலை எடுக்காமல் விட்ட நேரமெல்லாம் உடம்புக்கு "இவ்வளவு வேண்டாம்" என்று சொன்னது போல. மூன்றாவது, பாட்டிலைச் சாய்த்தால் சப்பாமலே பால் கொட்டும், மார்பிலோ பால் இறங்க ஒன்றிரண்டு நிமிடம் சப்பிக் காத்திருக்க வேண்டும். வேகமான பாட்டிலுக்குப் பழகிய குழந்தை அந்தக் காத்திருப்பில்தான் முதுகை வளைத்து அழுகிறது. அவளுக்கு உங்கள் மேல் வெறுப்பு எதுவும் இல்லை மா.

2014இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு உண்டு, தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்த முதல் பிரசவத் தாய்மார்களைப் பற்றியது. மருத்துவமனையிலேயே ஃபார்முலா கொடுக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் 60 நாளுக்குள் தாய்ப்பாலை அடியோடு நிறுத்திவிட்டார்கள், கொடுக்கப்படாதவர்களில் பத்தில் ஒருவர்தான். ஏற்கெனவே சிரமப்பட்டவர்களுக்குத்தானே ஃபார்முலா போயிருக்கும், அதனால் முழுப் பழியும் ஃபார்முலாவுக்கு இல்லை. ஆனாலும் வார்டில் நான் கண்ணால் பார்த்ததும் அதேதான்.

இப்போது உங்கள் பாப்பாவின் கணக்கைப் பார்ப்போம். இந்த வயதில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 மில்லி, அதாவது அவளுக்கு ஏறக்குறைய 450 மில்லி தேவை. ஃபார்முலா 6 தடவை 45 மில்லி, 270. எடை நன்றாக ஏறுகிறது. அப்படியானால் மீதி 180 மில்லி எங்கிருந்து வருகிறது? உங்களிடமிருந்துதான். இது தோராயக் கணக்கு, ஆனாலும் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு நீங்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பம்பில் வருகிற 20 மில்லியை வைத்து அளக்காதீர்கள். குழந்தை குடித்த பிறகு மிச்சமிருப்பதைத்தான் பம்ப் எடுக்கிறது, அதுவும் குழந்தை அளவுக்கு எடுக்கத் தெரியாது.

மூன்றாம் நாள் 2.82, ஒன்பதாம் நாள் 3.08, ஆறு நாளில் 260 கிராம். ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறினாலே போதும், அவள் 40க்கு மேல் ஏறியிருக்கிறாள். ஆகவே மெல்லக் குறைக்க இடம் இருக்கிறது. உங்கள் குழந்தை மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், நாள் மொத்தத்தில் 30 மில்லி குறைத்து இரண்டு மூன்று நாள் பார்க்க வேண்டும், சிறுநீரும் எடையும் சரியாக இருந்தால் இன்னொரு 30. காலை வேளைகளில் மார்பு நிறைந்திருக்கும், அங்கிருந்து குறைக்க ஆரம்பியுங்கள், சாயங்காலத்து ஃபார்முலாவைக் கடைசியில் எடுக்கலாம்.

மார்பில் அழுகிறாள் என்றால் வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் 10, 15 மில்லி கொடுத்துப் பசியின் உக்கிரத்தைத் தணித்துவிட்டு அப்புறம் மார்பில் விடுங்கள். அவள் சப்பும் வேகம் குறையும்போது கையால் மார்பை மெதுவாக அழுத்திப் பிடியுங்கள், பால் பாயும், மறுபடி விழுங்க ஆரம்பிப்பாள். விழுங்கும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். பாட்டில்தான் வேண்டும் என்றால் மெதுவான நிப்பிள் போட்டு, குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, பாட்டிலைப் படுக்கைவாக்கில் பிடித்து, நடுநடுவே நிறுத்திக் கொடுங்கள். பாலாடை, ஸ்பூன், சிரிஞ்சு எதிலும் கொடுக்கலாம். மெல்லிய குழாயை முலைக்காம்போடு ஒட்டவைத்து அதன் வழியாகக் கூடுதல் பால் கொடுக்கிற முறையும் உண்டு, மார்பில் குடித்துக்கொண்டே கூடுதல் பாலும் போகும், பக்கத்தில் ஆலோசகர் இருந்தால் கற்றுக்கொள்ளுங்கள். ஃபார்முலா கொடுத்த ஒவ்வொரு தடவையும் 10, 15 நிமிடம் பம்ப் செய்யுங்கள், இரவில் ஒரு தடவையாவது விடாதீர்கள், புரோலாக்டின் இரவில்தான் அதிகம்.

வாயைப் பெரிதாகத் திறந்து, கருவளையத்தின் பெரும்பகுதியையும் சேர்த்துப் பிடிக்கிறாளா? காம்பு வெடித்திருக்கிறதா, குடித்து முடித்ததும் லிப்ஸ்டிக் நுனி மாதிரி சாய்வாகத் தெரிகிறதா? இதைச் சொல்லுங்கள், பிடிமானம் சரியில்லை என்றால் மற்றதெல்லாம் செய்தும் பலன் குறையும்.

பதில் 3: நாலாம்நாள்

மேலே இருவரும் எழுதியது நல்லது. ஆனால் இதைப் படிக்கிற வேறு யாரோ ஒருத்தி "அப்படியானால் ஃபார்முலா கொடுக்கவே கூடாது" என்று எடுத்துக்கொள்வாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

கர்ப்பமாக இருந்தபோதே நிறையப் படித்து வைத்திருந்தேன். ஒரு பாட்டில் கொடுத்தால்கூடப் போச்சு என்று மனதில் பதிந்துவிட்டது. மகன் மூன்றாம் நாள் ரொம்பச் சாதுவாக இருந்தான். அழவே இல்லை. மார்பில் வைத்தால் நாலு தடவை சப்பிவிட்டுத் தூங்கிவிடுவான். வந்தவர்கள் எல்லோரும் "எவ்வளவு சமத்து" என்றார்கள். டயபரில் ஈரமே இல்லை, செங்கல் பொடி தூவிய மாதிரி ஒரு கறை மட்டும் இருந்தது, அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நான்காம் நாள் கண் வெள்ளைகூட மஞ்சளாகத் தெரிந்தபோதுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். எடை 12 சதவீதம் குறைந்திருந்தது, ரத்தத்தில் சோடியம் ஏறியிருந்தது. டிரிப்ஸ் ஏற்றி, நீல விளக்கில் வைத்து, ஃபார்முலா கொடுத்து, ஐந்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். பிழைத்துக்கொண்டான், இப்போது நன்றாக இருக்கிறான். அந்த ஐந்து நாளை நான் யாருக்கும் வரவிட மாட்டேன்.

பின்னால் தெரிந்தது, எனக்கு மார்பில் பால் சுரக்கிற திசுவே குறைவு. கர்ப்பத்தில் மார்பு கொஞ்சமும் பெரிதாகவில்லை, பிரசவத்துக்குப் பிறகும் கட்டவே இல்லை, அப்போதே யாராவது கவனித்திருக்கலாம். எவ்வளவு பம்ப் செய்தும் நாளுக்கு 150 மில்லியைத் தாண்டவில்லை. ஏழு மாதம் இரண்டும் சேர்த்துக் கொடுத்தேன். அந்த 150 மில்லி எனக்கும் அவனுக்கும் பெரிய விஷயம்தான்.

தூங்குகிற குழந்தை எல்லாம் வயிறு நிறைந்த குழந்தை இல்லை. அதை மட்டும் எல்லோரும் மனதில் வையுங்கள்.

பதில் 4: பாலூட்டல்_ஆலோசகர்

நாலாம்நாள், நீங்கள் எழுதியதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். குழந்தைக்கு வயிறு நிறைய வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1991இல் தொடங்கிய குழந்தை நேய மருத்துவமனைத் திட்டத்தில்கூட, மருத்துவக் காரணம் இருந்தாலொழிய தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் தர வேண்டாம் என்றுதான் இருக்கிறது. அந்த "மருத்துவக் காரணம் இருந்தாலொழிய" என்ற பாதியை விட்டுவிட்டு மீதியை மட்டும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் உங்களுக்கு நேர்ந்தது போல நேர்கிறது.

காரணங்கள் தெளிவானவை. ரத்தச் சர்க்கரை இறங்கி, சீம்பாலும் குளுக்கோஸ் ஜெல்லும் கொடுத்தும் ஏறாமல் இருப்பது, நீரிழப்பு, பால் போதாமல் மஞ்சள் காமாலை ஏறுவது, குறைமாதக் குழந்தைக்குத் தாயின் பால் போதாமல் இருப்பது, தாய்க்குப் பால் சுரப்பே தாமதமாவது. எடை 7 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் பாலூட்டலை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும், 10 சதவீதத்தை நெருங்கினால் தள்ளிப்போடாமல் மருத்துவர் பார்க்க வேண்டும். ஒரு நுணுக்கம் உண்டு, பிரசவ நேரத்தில் தாய்க்கு நிறைய டிரிப்ஸ் ஏற்றியிருந்தால் குழந்தையும் அந்த நீரோடு பிறக்கும், அதனால் முதல் நாளில் எடை சற்றுக் கூடுதலாகவே குறையும். பத்துநாள்அம்மாவுக்குச் சிசேரியன் என்பதால் அதிலும் கொஞ்சம் அப்படி இருந்திருக்கலாம். ஆனாலும் ஒன்பது சதவீதத்தில் கூடுதல் பால் கொடுக்கச் சொன்னதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். அளவும் முறையும், எப்போது நிறுத்துவது என்பதும் சொல்லாமல் அனுப்பியதுதான் தவறு.

டயபர் கணக்கு எல்லோருக்கும்: முதல் நாள் ஒரு ஈரம், இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று, ஐந்தாறு நாளில் ஆறுக்குக் குறையக் கூடாது. மலம் தார் மாதிரி கறுப்பில் ஆரம்பித்து, பச்சையாகி, நான்கைந்து நாளில் மஞ்சளாக வேண்டும். ஐந்தாம் நாளும் கறுப்பாகவே இருந்தால் பால் போதவில்லை என்று அர்த்தம். பத்து முதல் பதினான்கு நாளில் பிறந்த எடை திரும்பிவிட வேண்டும்.

இன்னொன்று. 2013இல் 40 குழந்தைகளை வைத்து நடத்திய ஓர் ஆய்வு வெளிவந்தது, முதல் இரண்டு நாளில் எடை 5 சதவீதத்துக்கு மேல் குறைந்த குழந்தைகள். பாதிப் பேருக்கு ஒவ்வொரு தடவையும் மார்பில் குடித்த பிறகு 10 மில்லி ஃபார்முலா மட்டும், பாட்டிலில் இல்லாமல் சிரிஞ்சில் கொடுத்தார்கள், பால் பெருகியதும் நிறுத்திவிட்டார்கள். மூன்று மாதத்தில் தாய்ப்பால் மட்டும் குடித்தவர்கள் அந்தக் குழுவில்தான் அதிகம், 79 சதவீதம், மற்றதில் 42. பலருக்கு அது ஆச்சரியமாக இருந்தது. 2018இல் வந்த, 164 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வில் அப்படிப்பட்ட நன்மை தெரியவில்லை, ஒரு மாதத்தில் இரண்டு குழுவிலும் தாய்ப்பால் குடிப்பவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் எல்லோருக்கும் 10 மில்லி கொடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அளவு எவ்வளவு சிறியது, எதில் கொடுத்தார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்பதைக் கவனியுங்கள். மார்பில் குடித்த பிறகு 10 மில்லி என்பதும், மார்புக்குப் பதிலாக 60 மில்லி என்பதும் ஒன்றல்ல.

பதில் 5: ஒரு_அப்பா

அப்பாக்களுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன். எங்களுக்கும் இதே நிலைமை வந்தது. நான் உதவி செய்வதாக நினைத்து, இரவு ஒரு மணிப் பாலை நானே பாட்டிலில் கொடுத்துவிட்டு, "நீ தூங்கு" என்பேன். அன்பாகத்தான் செய்தேன். ஆனால் அந்த ஒரு தூக்கத்தில் மார்பு ஆறேழு மணி நேரம் நிறைந்தே கிடந்தது, ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. அப்புறம் முறையை மாற்றினோம். அவள் மார்பில் கொடுப்பாள், நான் மீதியைக் கொடுத்து ஏப்பம் விடவைத்துத் துணி மாற்றுவேன், அந்த நேரத்தில் அவள் பத்து நிமிடம் பம்ப் செய்துவிட்டு உடனே படுத்துவிடுவாள், பம்ப் பாகங்களைக் கழுவுவது, கொதிக்கவைப்பது எல்லாம் என் வேலை. மொத்தம் 40 நிமிடத்தில் முடியும். இது தனி ஆளாகச் செய்கிற வேலையே இல்லை. உங்கள் கணவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

ஃபார்முலா கலக்கும்போது ஒன்று: பவுடர் கிருமி நீக்கப்பட்டது இல்லை. கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் பவுடரைப் போட்டுக் கலக்கி, அப்புறம் ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். டப்பாவில் சொன்ன அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கலந்து இரண்டு மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

பத்துநாள்அம்மா

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். "மீதி 180 மில்லி உங்களிடமிருந்துதான்" என்ற இடத்தில் அழுதுவிட்டேன். இந்தப் பத்து நாளில் யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. ரெண்டுபிள்ளைக்காரி அக்கா, ஸ்பூன் விஷயம் முன்பே தெரிந்திருந்தால் என்று தோன்றுகிறது. நாலாம்நாள் அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அந்த இரவு செவிலியர் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது.

ஆலோசகர் அம்மா கேட்டதற்கு: ஆமாம், குடித்து முடித்ததும் காம்பு சாய்வாக, ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்ட மாதிரித்தான் இருக்கிறது. வலது பக்கம் வெடித்திருக்கிறது. வலிப்பது சகஜம் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன்.

பாலூட்டல்_ஆலோசகர்

முதல் சில விநாடி கூச்சம் போல வலிக்கலாம், அதற்கு மேல் பல்லைக் கடித்துக்கொள்கிற வலி சகஜம் இல்லை. பிடிமானம்தான் பிரச்சினை, பம்பைவிட இதற்கு முதலிடம் கொடுங்கள். சாய்ந்து படுத்த நிலையில் உட்காருங்கள், தையலில் படாமல் குறுக்காக அவளை உங்கள் நெஞ்சின் மேல் வயிறோடு வயிறாகக் கிடத்துங்கள், ஆடை இல்லாமல் தோலோடு தோலாக இருந்தால் இன்னும் நல்லது. அவள் மூக்குக்கு நேராகக் காம்பு இருக்கட்டும், வாய்க்கு நேராக வேண்டாம். மேல் உதட்டில் காம்பால் தடவினால் தலையைப் பின்னால் சாய்த்து வாயைப் பெரிதாகத் திறப்பாள், அந்த நொடியில் அவளை உங்களோடு அணைத்துக்கொள்ளுங்கள், முகவாய் முதலில் மார்பில் புதைய வேண்டும். வலித்தால் சுண்டுவிரலை வாயோரம் விட்டுப் பிடியை விடுவித்து மறுபடி முயலுங்கள். இரண்டு நாள் பார்த்தும் மாறவில்லை என்றால் நாக்குக்குக் கீழே ஒட்டு இருக்கிறதா என்று ஒருவர் நேரில் பார்க்க வேண்டும்.

பத்துநாள்அம்மா

ஆறு நாள் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். சாய்ந்து உட்கார்ந்து கொடுப்பது மூன்றாவது நாளில்தான் எங்கள் இருவருக்கும் பிடிபட்டது. காம்பு இப்போது உருண்டையாகவே வெளியே வருகிறது, வெடிப்பு காய்ந்துவிட்டது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு ஃபார்முலாவை 270இலிருந்து 240, அப்புறம் நேற்றிலிருந்து 210 ஆக்கியிருக்கிறோம், காலை இரண்டு வேளையிலும்தான் குறைத்தோம். டயபர் நேற்று ஏழு ஈரம், மூன்று மஞ்சள். சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை இன்னும் கஷ்டம்தான், அழுகிறாள், அப்போது ஃபார்முலா கொடுத்துவிடுகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து பம்பும் செய்கிறேன். கணவர்தான் கழுவுகிறார். மாமியாரிடம் டயபர் கணக்கை எழுதி வைக்கச் சொன்னேன், அவர் இப்போது நோட்டில் மணி போட்டு எழுதுகிறார், "இன்னைக்கு ஏழு" என்று அவரே வந்து சொல்கிறார்.

இன்று அதிகாலை அவள் குடித்துக்கொண்டிருந்தபோது முதல் தடவையாக விழுங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. வாயோரத்தில் பால் வழிந்து என் கை நனைந்தது. வெள்ளிக்கிழமை எடை பார்க்கப் போகிறோம், பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.